லார்ட் ஆஃப் த ரிங்ஸ் நடிகர்கள் அப்புறம் ஏன் பெரிசா வரலை?

நைட்ஷோ நாகு
மூணு பாகத்தையும், அதுவும் நீளமான பதிப்பையே, திரும்ப உட்கார்ந்து பார்த்து முடிச்சேன். படத்தைப் பத்திப் புதுசா சொல்ல ஒண்ணுமில்லை. 2001, 2002, 2003னு வருஷத்துக்கு ஒண்ணா வந்துச்சு. மூணாவது பாகம் பரிந்துரையான 11 பிரிவுலயும் ஆஸ்கரை அள்ளிட்டுப் போச்சு. என் வயித்தெரிச்சல் வேற. அதுல நடிச்சவங்கள்ல இன்னைக்குப் பேரைச் சொன்னா டிக்கெட் கிழியுற ஆள் யாரு? ஃபுரோடோ எங்க போனாரு? லெகோலஸ் எங்க போனாரு? அரகோர்னா வந்த மனுஷன் நிஜ ராஜா கணக்கா நின்னாரு, அதுக்கப்புறம் ஒரு பெரிய படத்தையாச்சும் தோள்ல தூக்கினாரா? என் கட்சி இதுதான்: படம் ஜெயிச்சுது, நடிகருங்க தோத்தாங்க. மறுக்கிறவங்க ஆதாரத்தோட வாங்க.

மொட்டைமாடி
கேட் பிளான்செட்னு ஒருத்தங்க இருக்காங்க சார்.

நைட்ஷோ நாகு
அவங்க 1998 எலிசபெத் படத்துக்கே ஆஸ்கர் பரிந்துரை வாங்கினவங்க. கலாட்ரியல் வேஷம் போடலைன்னாலும் வந்திருப்பாங்க. கணக்குல சேர்க்க முடியாது.

கல்யாணி டீச்சர்
நாகு தம்பி, 11 ஆஸ்கர்னு சொன்னீங்களே, அதுல நடிப்புக்கு எத்தனைன்னு பார்த்தீங்களா? ஒண்ணுகூட இல்லை. அந்தப் பாகத்துக்கு நடிப்புப் பிரிவுல பரிந்துரையே கிடையாது. மூணு படத்துக்கும் சேர்த்து நடிப்புக்கு வந்த ஒரே பரிந்துரை முதல் பாகத்துல இயன் மெக்கெல்லனுக்கு. அதையும் ஜிம் பிராட்பென்ட் வாங்கிட்டுப் போயிட்டார்.

அதே சமயம் அமெரிக்க நடிகர் சங்கம் மூணாம் பாகமான ரிட்டர்ன் ஆஃப் த கிங் குழு மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு விருது கொடுத்துச்சு. எனக்கு அதுதான் நியாயமான தீர்ப்பாத் தெரியுது. மூணு படத்தையும் ஒரே மூச்சுல, 1999 அக்டோபர்ல ஆரம்பிச்சு 2000 டிசம்பர் வரைக்கும், நியூசிலாந்துல எடுத்தாங்க. பணமெல்லாம் செட்டுக்கும் கவசத்துக்கும் கிராபிக்ஸுக்கும் போச்சு. பெரிய நட்சத்திரம்னு யாரையும் நம்பி எடுத்த படமே இல்லை. மெக்கெல்லன் போட்ட காண்டால்ஃப்ங்கற மந்திரவாதி வேஷம் முதல்ல ஷான் கானரிக்குப் போய், கதை புரியலைன்னு அவர் விட்டுட்டார்ங்கறது ஊரறிஞ்ச விஷயம். அவர் வந்திருந்தா அது ஷான் கானரி படமா ஆகியிருக்கும். நட்சத்திரத்தை நம்பாம எடுத்த படத்துல நட்சத்திரம் ஏன் முளைக்கலைன்னு கேட்டா எப்படி?

மொட்டைமாடி
சம்பளமும் அப்படித்தான். மூணு படத்துக்கும் சேர்த்து 1,75,000 டாலர்தான் வாங்கினேன்னு லெகோலஸா நடிச்ச ஆர்லாண்டோ ப்ளூமே ஒரு பேட்டியில சொன்னார். பிளான்செட் 2024ல, எனக்கு ஓசி சாண்ட்விச்சும் வேஷத்துக்கு ஒட்டின அந்தக் காதும்தான் மிச்சம்னு சிரிச்சுட்டே சொன்னாங்க.

யாழ்தேவி
நாகு அண்ணை, அரகோர்ன் பற்றி நீங்கள் சொன்னது உங்கட கணக்கு. அந்த ஆளின்ர கணக்கு வேறை.

விகோ மார்ட்டென்சன் இந்தப் படத்துக்கு முதல் தெரிவு இல்லை. ஸ்டூவர்ட் டவுன்சென்ட் எண்ட இளைய நடிகரைத்தான் எடுத்து, பயிற்சியும் குடுத்து, படப்பிடிப்பு தொடங்கிற நேரத்திலை வயசு காணாது எண்டு நிப்பாட்டினவை. விகோவுக்கு அப்ப நாற்பது தாண்டி விட்டது. புத்தகமும் வாசிச்சிருக்கேல்லை. மகன்தான் போங்கோ எண்டு பிடிவாதமா நிண்டது. அவசரமா விமானம் ஏறிப் போய், வெதர்டாப் மலையிலை கறுப்பு வீரரோட வாள் சண்டையிலதான் அவற்றை படப்பிடிப்பே தொடங்கினது.

அதுக்குப் பிறகு என்ன செய்தவர்? 2004இலை ஹிடால்கோ எண்டு குதிரைப் படம் ஒண்டு. அதோட பெரிய சாகசப் படத்துக்கு ஒரு கும்பிடு. டேவிட் குரோனன்பர்க்கோட 2005இலை எ ஹிஸ்டரி ஆஃப் வயலன்ஸ், 2007இலை ஈஸ்டர்ன் பிராமிசஸ். பிறகு கேப்டன் ஃபென்டாஸ்டிக், கிரீன் புக். சிறந்த நடிகர் ஆஸ்கர் பரிந்துரை மூண்டு முறை. முன்கதையான ஹாபிட் படத்துக்குக் கேட்டபோது, அந்தக் கதையிலை அரகோர்ன் இல்லையே எண்டு வராமல் விட்டவர். 2002இலயே பெர்சிவல் பிரஸ் எண்டு பதிப்பகம் தொடங்கிக் கவிதையும் புகைப்படமும் போட்டுக்கொண்டிருந்த ஆள் அவர். டிக்கெட் கிழியேல்லை எண்டு அவர் ஒரு நாளும் அழுதிருக்க மாட்டார்.

கருவாச்சி
தலைக்கவசத்தை உதைச்சு விரலை உடைச்சுக்கிட்ட கதையை இந்த இழையில யாரும் எழுதக்கூடாதுன்னு சட்டம் போடுங்கப்பா. விகோ பேரை எடுத்தா அடுத்த வரியில அது வந்துரும்.

மொட்டைமாடி
நீங்களே எழுதிட்டீங்களே அக்கா.

கோவை சுதா
ப்ளூம் பத்தி யாரும் ஒழுங்கா பேச மாட்டீங்கன்னு தெரியும், அதனால நானே பேசறேனுங்க. எங்க ஹாஸ்டல்ல லெகோலஸ் படம் ஒட்டாத கதவே இல்லை.

அவர் லண்டன் கில்ட்ஹால் நாடகப் பள்ளியில இருந்து 1999ல வெளிய வந்த கையோட இதுல சேர்ந்தவர். ஃபாராமிர் வேஷத்துக்குத்தான் போய் நின்னார், கிடைச்சது லெகோலஸ். 2001ல இருந்து 2007க்குள்ள இந்த மூணு படம், பைரேட்ஸ் மூணு படம், நடுவுல டிராய், கிங்டம் ஆஃப் ஹெவன். அந்த வயசுல அந்தக் காலத்துல இவ்வளவு பெரிய படங்கள் வேற யாருக்கு வரிசையா அமைஞ்சது? நாகு சார் தோத்தாங்கன்னு சொல்றது இதையா?

எனக்குத் தோணுற காரணத்தைச் சொல்றேன். லெகோலஸ் பேசுறதே கம்மி. அந்த வேஷம் முழுக்க உடம்புதான். கேடயத்துல சறுக்கிட்டே அம்பு விடறது, யானை முதுகுல ஏறி ஒத்தையா அத்தனை பேரைச் சாய்ச்சுட்டுத் தும்பிக்கை வழியா இறங்கறது. பார்த்த தயாரிப்பாளருங்க, இவர் முகத்துக்கே கூட்டம் வரும்னு முடிவு பண்ணி நாயகன் ஆக்கிட்டாங்க. டிராய்ல பாரிஸா வந்து, மெனலாஸ் கூட ஒத்தைக்கு ஒத்தை நின்னு, அடி வாங்கித் தரையில தவழ்ந்து போய் அண்ணன் காலைக் கட்டிப் பிடிப்பார் பாருங்க. கதைக்கு அது சரி, நடிப்பும் சரி. ஆனா தியேட்டர்ல எல்லாரும் சிரிச்சாங்க. லெகோலஸ் அப்படிச் செய்ய மாட்டானேன்னு கோபம். கிங்டம் ஆஃப் ஹெவனைத் தியேட்டருக்காக வெட்டிக் குதறிட்டாங்க. இயக்குநர் பதிப்பு முக்கால் மணி நேரம்போல நீளம். அதைப் பார்த்துட்டு அவரைப் பத்திப் பேசுங்க.

நைட்ஷோ நாகு
இயக்குநர் பதிப்பும் பார்த்தாச்சு சுதா. படம் உசந்துச்சு, ப்ளூம் அதே இடத்துலதான் நின்னார். சுத்தி லியம் நீசன், ஜெரமி அயர்ன்ஸ், எட்வர்ட் நார்டன்னு மலைங்க நிக்குது.

கோவை சுதா
அதுல அவர் போட்ட பாலியன் சத்தம் போடுற ஆளே இல்லைங்க. அடங்கி நிக்கறதுதான் வேஷம். சரி விடுங்க, உங்க கூட இதுல முடியாது.

சுருளி
அனிமேஷன் வேலையில இருக்கேன், அதனால ஆண்டி செர்கிஸ் பத்தி நான் எழுதணும். நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க.

நாகு அண்ணே கேட்ட "இந்தப் படத்தாலயே மேல வந்தவர்" யாருன்னா, சந்தேகமே வேண்டாம், இவர்தான். அதுக்கு முன்னாடி இங்கிலாந்து மேடையிலயும் டிவியிலயும் நல்ல நடிகர்னு பேர், அவ்வளவுதான். மோதிரத்து மேல பைத்தியமா அலையற கொல்லம்ங்கற கிராபிக்ஸ் பிராணிக்குக் குரல் கொடுக்கத்தான் முதல்ல கூப்பிட்டாங்க. அந்தத் தொண்டைச் சத்தத்தைத் தன் பூனை முடியைக் கக்குறதைப் பார்த்துப் பிடிச்சேன்னு அவரே சொல்லியிருக்கார். குரலைக் கொடுக்கும்போது முகமும் உடம்பும் சேர்ந்து முறுக்கிக்கிட்டு நிக்கறதைப் பார்த்த பீட்டர் ஜாக்சன், ஆளையே படப்பிடிப்புக்குக் கொண்டு வந்துட்டார். ஏற்கெனவே வரைஞ்சு வெச்சிருந்த கொல்லம் முகத்தை மாத்தி, செர்கிஸ் சாயல் வர்ற மாதிரி திரும்பச் செஞ்சாங்க.

இப்ப எங்க ஆளுங்க பக்கம். இரண்டாம் பாகமான டூ டவர்ஸ்ல வர்ற கொல்லமோட முகத்துல நீங்க பார்க்கற ஒவ்வொரு சுளிப்பும் கையால செஞ்சது. செர்கிஸ் நடிச்ச காட்சியைப் பக்கத்துல ஓடவிட்டு, உதடு, புருவம், கன்னத் தசைன்னு ஒண்ணொண்ணா நகர்த்தினாங்க. உடம்பு அசைவைத்தான் உணரிகள் ஒட்டின உடையோட தனி அரங்குல திரும்ப நடிச்சுப் பதிவு பண்ணாங்க. அந்த ராத்திரிக் காட்சி இருக்கே, கொல்லமும் அதோட பழைய நல்ல மனசான ஸ்மீகலும் ஒரே உடம்புக்குள்ள சண்டை போடற இடம். முதல்ல கேமரா இந்தப் பக்கம் அந்தப் பக்கம் சுத்தும், அப்புறம் வெட்டி வெட்டி ரெண்டு ஆள் எதிரெதிரா உட்கார்ந்த மாதிரி ஆயிடும். ஸ்மீகல் பேசும்போது கண்மணி விரிஞ்சிருக்கும், கொல்லம் வந்ததும் சுருங்கும். நிறுத்தி நிறுத்திப் பாருங்க. நடிகர் பாதி, ராத்திரி முழிச்ச அனிமேட்டர் பாதி.

2011ல ரைஸ் ஆஃப் த பிளானட் ஆஃப் த ஏப்ஸ் வரும்போது கதையே மாறிடுச்சு. தலையில சின்ன கேமராவை மாட்டிக்கிட்டு, திறந்த வெளியிலயே மத்த நடிகர்களோட நேரடியா நடிச்சார். சீசர்ங்கற குரங்குத் தலைவனா மூணு படம். அதுக்கு முன்னாடியே 2005ல கிங் காங். 2011லயே லண்டன்ல இமேஜினேரியம்னு இதுக்கான ஸ்டுடியோவையே கூட்டாத் தொடங்கினார். ஹாபிட்ல இரண்டாம் யூனிட் இயக்குநர். பிறகு சொந்தமா இயக்கம், 2021 வெனம் இரண்டாம் பாகம் வரைக்கும். நிஜ முகத்தோட பிளாக் பேந்தர்ல வில்லன், த பேட்மேன்ல ஆல்ஃப்ரெட், ஆண்டோர் தொடர்ல சிறைக்காட்சிகள்.

ஒரு மனத்தாங்கல் மட்டும் உண்டு. இதை அவர் "டிஜிட்டல் மேக்கப்"னு சொன்னப்ப எங்க தொழில்ல பல பேர் கொதிச்சாங்க. மேக்கப் தானா நடிக்காதே, நாங்க நடிக்க வெச்சோமேன்னு. இன்னும் அந்தக் கோபம் அடங்கலை. ஆனா அவர் பிடிச்சுக் கேட்டதாலதான் இது நடிப்பான்னு ஒரு விவாதமே வந்துச்சுங்கறதையும் ஒத்துக்கறேன்.

கல்யாணி டீச்சர்
கண்மணி விஷயம் இத்தனை தடவை பார்த்தும் கவனிச்சதில்லை சுருளி. இன்னிக்கு ராத்திரி அதுதான் வேலை.

மொட்டைமாடி
எலைஜா வுட் "எங்க போனார்"னு கேட்டீங்கல்ல. படம் தொடங்கும்போது 18 வயசு. அதுக்கு முன்னாடியே குழந்தை நட்சத்திரம். புதுமுகம்னு நினைக்கறவங்க 1993 த குட் சன் பாருங்க.

ஃபுரோடோன்னா அந்த நீலக் கண்ணு. மூணு படமும் அந்தக் கண்ணுக்கு நெருக்கக் காட்சி வெச்சே ஓட்டினாங்க. அதுக்கப்புறம் அவர் எடுத்த படங்களைப் பாருங்க. சின் சிட்டில ஒரு வார்த்தை பேசாத கொலைகாரன், கண்ணாடி வெள்ளையா மின்னிட்டே இருக்கும், கண்ணே தெரியாது. ஹேப்பி ஃபீட்ல குரல் மட்டும். 2012 மேனியாக் படம் மொத்தமும் கொலைகாரன் பார்வையில எடுத்தது, அவர் முகம் பெரும்பாலும் நிலைக்கண்ணாடியில பட்டாத்தான் தெரியும். வேணும்னே செஞ்சாரான்னு சத்தியம் பண்ண மாட்டேன். ஆனா இவ்வளவு பொருத்தமா தற்செயலா அமையாது. ஸ்பெக்டர்விஷன்னு கூட்டாளிகளோட ஒரு நிறுவனம் வெச்சு மேண்டி மாதிரி பேய்த்தனமான படங்களைத் தயாரிச்சார். காசு பண்ணினாரான்னு கேட்டா வேற கதை. பிடிச்சதைச் செஞ்சிருக்கார்.

நைட்ஷோ நாகு
அதாவது நட்சத்திரம் ஆகலை. அதைத்தானே நானும் சொன்னேன்.

யாழ்தேவி
நீங்கள் கோல் கம்பத்தைத் தோளிலை வைச்சுக்கொண்டு ஓடுறியள் அண்ணை.

கருவாச்சி
நியூசிலாந்துக்காரங்களை யாரும் தொடலையே. கார்ல் அர்பன்! எயோமெரா வந்தப்ப வெளிநாட்டுல யாருக்கும் தெரியாது, ஜீனா தொடர் பார்த்தவங்களைத் தவிர. பிறகு போர்ன் சுப்ரமசில கொலைகாரன், 2009 ஸ்டார் டிரெக்ல டாக்டர், 2012 டிரெட்ல படம் முழுக்கத் தலைக்கவசத்தைக் கழட்டாம வெறும் தாடையால நடிச்சாரு. 2019ல இருந்து த பாய்ஸ் தொடர்ல புட்சர். இன்னைக்கு இருபது வயசுப் பிள்ளைகளுக்கு புட்சர்னாதான் தெரியும், எயோமெர் யாருன்னு கேக்குதுங்க.

இன்னொண்ணு. எல்ராண்ட் சபையில ஃபுரோடோ எந்திரிச்சு மோதிரத்தை நானே கொண்டு போறேன்னு சொல்ற இடத்துல, பின்னாடி கறுப்பு முடியோட ஒரு அழகான எல்ஃப் சில நொடி தெரிவார். பேரில்லாத வேஷம். ரசிகருங்க ஃபிக்விட்னு ஒரு பேரைக் கட்டிவிட்டு ஆர்ப்பாட்டம் பண்ணதுல மூணாம் பாகத்துல அவருக்கு வசனமே கிடைச்சுது. அந்தப் பையன் பிரெட் மெக்கென்சி. ஃபிளைட் ஆஃப் த கான்கார்ட்ஸ் இசைக்கூட்டணியில பாதி ஆள். 2012ல மப்பெட்ஸ் படப் பாட்டுக்கு ஆஸ்கர் வாங்கினாரு! நாகு அண்ணே, இவரைச் சேப்பீங்களா மாட்டீங்களா?

நைட்ஷோ நாகு
பாட்டுக்கு வாங்கினது செல்லாது.

கருவாச்சி
அதான் தெரியுமே! சிரிப்புக்கு நடுவுல இதையும் சொல்லிடறேன். முகமூடிக்குள்ள வேர்த்தவங்க கதை அவ்வளவு இனிப்பில்லை. மாவோரி நடிகர் லாரன்ஸ் மக்கொவாரே லர்ட்ஸ், விட்ச் கிங், கோத்மோக்னு மூணு பூதத்துக்கும் உடம்பு கொடுத்தவர், தெருவுல பார்த்தா யாருக்கும் அடையாளம் தெரியாது. 2007ல நியூசிலாந்து நடிகருங்க 15 பேரு, எங்க உருவத்தை வெச்சு வித்த பொம்மைக்கும் பொருளுக்கும் எங்க பங்கு எங்கன்னு தயாரிப்பு நிறுவனம் நியூ லைன் மேல வழக்குப் போட்டாங்க.

கல்யாணி டீச்சர்
பெண்கள் பக்கமும் ஒரு வார்த்தை. அர்வெனா வந்த லிவ் டைலரை இரண்டாம் பாகத்து ஹெல்ம்ஸ் டீப் சண்டையில வாளோட இறக்கிப் படமே பிடிச்சாங்க. ரசிகர்கள் எதிர்ப்புக் கிளம்பினதும் எடுத்துட்டாங்க. மிச்சம் இருந்தது கனவும் கண்ணீரும். அப்புறம் அவங்களுக்கு வந்த வேஷமும் அதே வகை. த லெஃப்ட்ஓவர்ஸ் தொடர் வந்த 2014 வரைக்கும் அவங்களால என்ன முடியும்னு யாரும் கேட்கலை.

எனக்கு வருத்தம் ஏயோவினா வந்த மிராண்டா ஓட்டோதான். நாஸ்கூல்ங்கற கறுப்பு வீரன் முன்னாடி தலைக்கவசத்தைக் கழட்டி நிக்கற அந்த ஒரு நிமிஷத்துக்கு எத்தனை தியேட்டர் எந்திரிச்சு நின்னுச்சு! பதிலுக்கு ஹாலிவுட் கொடுத்தது வார் ஆஃப் த வேர்ல்ட்ஸ்ல சில நிமிஷம். ஹோம்லேண்ட் ஐந்தாம் பருவம் கொஞ்சம் ஈடுகட்டுச்சு. 2024ல ரோஹன் பத்தின அனிமேஷன் படத்துல கதை சொல்லும் குரலா ஏயோவினையே திரும்பக் கொண்டு வந்தாங்க, அதுல ஒரு சின்ன திருப்தி. இதே படத்துல அவங்களை விடக் குறைவா நின்ன ஆண்களுக்கு என்னென்ன கிடைச்சுதுன்னு மேலேயே எழுதியிருக்கீங்க எல்லாரும்.

சுருளி
ஷான் பீனை விட்டா சாமி குத்தம். மனுஷனுக்கு ஹெலிகாப்டர்னா பயம். மத்தவங்க மலை உச்சிக்குப் பறந்து போக, இவர் போரோமிர் உடையோட கேடயத்தையும் சுமந்துக்கிட்டு நடந்தே ஏறினார். மோர்டோருக்குச் சும்மா நடந்துட முடியாதுன்னு ஒரு வசனம், இணையம் பூரா மீம் ஆச்சே, அதைக் கடைசி நேரத்துல எழுதிக் கொடுத்ததால தாளை முழங்கால் மேல வெச்சுக்கிட்டார். அவர் குனிஞ்சு நெத்தியைப் பிடிக்கற இடமெல்லாம் கவலை மாதிரி இருக்கும். கீழ பார்த்துப் படிக்கறார்!

யாழ்தேவி
அவர் சாகிறதுக்கெண்டே பிறந்தவர் எண்டு பகிடி பண்ணுவினம். கேம் ஆஃப் த்ரோன்ஸ் நெட் ஸ்டார்க் அந்தப் பேரை இன்னும் உறுதியாக்கினது. ஆனா பிரிட்டிஷ் டிவியிலை புரோக்கன், டைம் ரெண்டுக்கும் பாஃப்டா வாங்கினவர். புரோக்கனிலை அவர் ஏழைத் தேவாலயம் ஒண்டின்ர பாதிரியார். வாளும் இல்லை, சாவும் இல்லை. தேடிப் பாருங்கோ.

மொட்டைமாடி
பெர்னார்ட் ஹில் 2024 மே மாசம் போயிட்டார். டைட்டானிக்ல கேப்டன், இதுல தியோடன். ரெண்டுமே 11 ஆஸ்கர் வாங்கின படம். கப்பலோட மூழ்கினார், குதிரையோட விழுந்தார். ஆனா அவர் ஊர்ல கேட்டா 1982 டிவி நாடகத்துல வேலையில்லாம அலையற யாசர் ஹியூஸ்னுதான் சொல்வாங்க.

கோவை சுதா
சாமா நடிச்ச ஷான் ஆஸ்டின் 2025ல அமெரிக்க நடிகர் சங்கத் தலைவராவே ஜெயிச்சுட்டாருங்க. அவங்க அம்மா பேட்டி டியூக்கும் எண்பதுகள்ல அதே சங்கத்துக்குத் தலைவர். சாம் கடைசியில மேயர் ஆவான்ல, அப்படியே ஆயிட்டார். மெர்ரியும் பிப்பினும் இன்னும் பிரியலை. டொமினிக் மோனஹன் லாஸ்ட் முடிச்சுப் பாம்பு பூச்சின்னு சுத்தினார், பில்லி பாய்ட் பாட்டுக் குழு வெச்சார். 2024ல கனடாவுல ரெண்டு பேரும் ஒரே மேடையில ரோசென்கிரான்ட்ஸும் கில்டன்ஸ்டெர்னுமா நடிச்சாங்க.

கருவாச்சி
மேடைன்னதும் ஞாபகம் வருது, இந்தக் கதையை டொராண்டோவுல 2006ல மேடை இசை நாடகமாப் போட்டப்ப இசையில நம்ம ஏ. ஆர். ரஹ்மானும் இருந்தாரே.

கல்யாணி டீச்சர்
ஆமா, மறு வருஷம் லண்டனுக்கும் வந்துச்சு. அது இன்னொரு இழைக்கு ஆகும் கருவாச்சி, இங்க இழுத்தா நாகு தப்பிச்சுடுவார்.

நைட்ஷோ நாகு
நான் எங்கயும் தப்பிக்கலை. மெக்கெல்லனையும் சொல்லிடறேன், நீங்க சொல்றதுக்கு முன்னாடி. 2000ல எக்ஸ்-மென் படத்துல மேக்னீட்டோ, 2001ல காண்டால்ஃப், ரெண்டும் அறுபது தாண்டின பிறகு. 85 வயசுல லண்டன் மேடையில ஃபால்ஸ்டாஃபா சண்டைக் காட்சி பண்ணிட்டிருந்தவர் விழுந்து அடிபட்டார். ஆனா அவர் மேடைக்காரர். அதுக்கு ஐம்பது வருஷம் முன்னாடியே மேடை அவரைத் தூக்கி வெச்சிருந்துச்சு.

சுருளி
அண்ணே, பிளான்செட் ஏற்கெனவே பெரியவங்க, மெக்கெல்லன் மேடைக்காரர், விகோ வேண்டாம்னு விட்டார், வுட் ஒதுங்கினார், மெக்கென்சி பாட்டுக்காரர், அர்பன் டிவிக்காரர். ஒவ்வொருத்தரையும் கழிச்சுட்டே வந்தா மிச்சம் ப்ளூம் ஒருத்தர்தான் நிக்கறார். உங்க இழைத் தலைப்பை "ப்ளூம் ஏன் பெரிசா வரலை"ன்னு மாத்திடலாம்.

கோவை சுதா
மாத்துங்க பார்க்கலாம்!

நைட்ஷோ நாகு
செர்கிஸை நான் கழிக்கலையே. அவர் ஒருத்தர் விஷயத்துல வாயை மூடிக்கறேன். கொல்லம் வேட்டை பத்தி ஒரு படம் வருதாமே, அவரே இயக்கி அவரே நடிக்கறதா?

சுருளி
ஆமா, தேதி 2027 டிசம்பர் 17னு அறிவிச்சிருக்காங்க. கதையில காண்டால்ஃபும் ஃபுரோடோவும் உண்டுன்னு 2025ல மெக்கெல்லனே ஒரு ரசிகர் விழாவுல போட்டு உடைச்சார். விகோ பத்திக் கேட்டா, வயசு பொருந்தினாத்தான் நடிப்பேன்னு அவர் முன்னாடியே சொல்லிட்டார். அவர் இயக்கின த டெட் டோன்ட் ஹர்ட் படத்துல ஒரு குதிரை வீரன் கையில இருக்கறது அரகோர்னோட அதே வாள், பீட்டர் ஜாக்சன்கிட்ட கேட்டு வாங்கினது. நான் முதல் நாளே போயிடுவேன், ஆனா படம் முடிஞ்சதும் எந்திரிக்க மாட்டேன். பேர்ப் பட்டியல்ல அனிமேட்டருங்க பேர் ஓடி முடியற வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். பக்கத்து சீட் வேணுங்கறவங்க இப்பவே சொல்லுங்க.

கருவாச்சி
எனக்கு ஒண்ணு போடு. நாகு அண்ணனுக்கும் ஒண்ணு, நைட் ஷோதானே?